ஃபெண்டர் சாம்ப்: பழைய வால்வு ஆம்ப்பில் எது மூப்படைகிறது?

மூன்றே வால்வு (காற்றை நீக்கிய கண்ணாடிக் குழாய்), ஒரே ஒரு குமிழ், எட்டங்குல ஸ்பீக்கர். 1950களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் ஃபெண்டர் நிறுவனம் 5எஃப்1 என்ற மின்சுற்றை வைத்துச் செய்த சாம்ப் என்ற கிட்டார் ஆம்ப்ளிஃபயர் இவ்வளவுதான். கிட்டார் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் வீட்டில் வைத்து வாசிக்கட்டும் என்று மலிவாகச் செய்தது. இன்றைக்கு அதைத் தேடி அலைகிறார்கள். வால்வு ஆம்ப்பின் சங்கதி முழுவதையும் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பெட்டி எனக்குத் தெரிந்து இல்லை.

அறுபது வருஷம் தாண்டிய இந்தப் பெட்டியில் இரும்பும் செம்பும் கண்ணாடியும் அநேகமாக நல்லபடியே இருக்கும். ஈரமான ரசாயனம், காகிதம், கரித்தூள் ஆகியவற்றால் செய்த பாகங்கள்தான் கெட்டுப்போகும். எந்தப் பாகம் எந்த ரகம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்கு முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

வால்வின் நடுவில் ஒரு சிறிய நிக்கல் குழல் இருக்கிறது. அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்ஸைடு பூச்சு. உள்ளே ஓடும் ஹீட்டர் கம்பி இதைச் சுமார் 700 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கும்போது பூச்சிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. இதுதான் கேத்தோடு. சற்றுத் தள்ளிச் சுற்றிலும் நிற்கும் உலோகத் தகடு, அதாவது பிளேட், நூற்றுக்கணக்கான வோல்ட் நேர் மின்னழுத்தத்தில் இருப்பதால் அந்த எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய கம்பிச் சுருளாக ஒரு கிரிட். ஏரி மதகின் பலகையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் வாய்க்காலில் போகும் தண்ணீர் மொத்தமும் கூடிக் குறைகிறதில்லையா? கிரிட்டின் வேலையும் அதுதான். அதில் ஏற்படும் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம், பிளேட்டுக்குப் போகும் மின்னோட்டத்தை அப்படியே ஆட்டிவைக்கிறது.

கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் கிட்டார் பிக்கப்பிலிருந்து வருவது ஏறக்குறைய ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. அது 12ஏஎக்ஸ்7 என்ற வால்வுக்குள் போகிறது. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு தனித்தனி வால்வுகள் உள்ள ரகம் இது. ஒவ்வொரு பாதியும் நடைமுறையில் ஐம்பது மடங்கு வரை பெருக்கக்கூடியது. இரண்டு பாதிக்கும் நடுவில் வால்யூம் குமிழ் உட்கார்ந்திருக்கிறது. பெருகி வந்த சிக்னல் அடுத்து 6வி6 என்ற பவர் வால்வின் கிரிட்டை ஆட்டுகிறது. அங்கே மின்னழுத்தம் மிக அதிகம், ஆனால் மின்னோட்டம் நாற்பது மில்லிஆம்பியர் அளவுதான். ஸ்பீக்கருக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறு: நாலைந்து வோல்ட், ஆனால் ஒரு ஆம்பியருக்கு மேல். இந்த இடமாற்றத்தைச் செய்வது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். கடைசியில் ஸ்பீக்கரில் கிடைப்பது சுமார் 5 வாட். மூன்றாவது வால்வு 5ஒய்3, ரெக்டிஃபயர் என்று சொல்வார்கள். அதற்கும் ஒலிக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. மாறுதிசை மின்சாரத்தை ஒரே திசைக்கு மாற்றி, சுமார் 340 வோல்ட் டி.சி.யைக் கொடுக்கிறது.

குமிழை முழுக்கத் திருகி ஓங்கி வாசித்தால் 6வி6இன் கிரிட் ஒரு கட்டத்தில் கேத்தோடை எட்டிப் பிடித்துவிடும். அப்போது கிரிட்டே எலக்ட்ரான்களை உறிஞ்சத் தொடங்குவதால் அலையின் உச்சி மெல்ல மெல்லத் தட்டையாகிறது. எதிர்ப்பக்கத்தில் வால்வு மின்னோட்டத்தை அடைத்துவிடுகிறது. மேலும் கீழும் அலை ஒரே மாதிரி நசுங்காததால் இரட்டைப்படை ஹார்மானிக்குகள், அதாவது மூல சுரத்தின் இரண்டு, நான்கு மடங்கு அதிர்வெண்கள், கூடுதலாகப் பிறக்கின்றன. அவற்றில் முதலாவதான இரண்டாம் ஹார்மானிக் மூல சுரத்துக்கு மேல் ஸ்தாயி என்பதால் காதுக்கு உறுத்தாமல் கனம் மட்டும் கூடுகிறது. ரெக்டிஃபயர் வால்வால் ஒலியில் ஒரு தொய்வு வருகிறது, அதுதான் அழகு என்று சாம்ப் பற்றியும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டு பவர் வால்வுகள் மாறி மாறி வேலை செய்யும் பெரிய ஆம்ப்களில் அது உண்மை. அங்கே ஓங்கி வாசித்தால் மின்னோட்டம் சட்டென்று ஏறும், ரெக்டிஃபயர் கொடுக்கும் வோல்ட் இறங்கும். ஒற்றை 6வி6 எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் இழுக்கிறது, தொய்வதற்குக் காரணம் குறைவு.

சரி, இனி கெட்டுப்போகிற சமாசாரம். முதலிடம் ஃபில்டர் கெப்பாசிட்டர்களுக்கு (கெப்பாசிட்டர் என்பது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்). 5ஒய்3 கொடுக்கும் டி.சி. மேடுபள்ளமாக இருக்கும், அதைச் சமனாக்குவது இவைதான். சாம்ப்பில் 16, 8, 8 மைக்ரோஃபாரட் என்று மூன்று. அலுமினியத் தகட்டின் மேல் உள்ள மெல்லிய ஆக்ஸைடு படலம்தான் இதில் காப்பு. பக்கத்தில் ஈரமான ரசாயனம். வருஷக்கணக்கில் அந்த ஈரம் வற்றும், சும்மா கிடந்தால் படலமும் கரையும். விளைவு, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல்.

அந்த இரைச்சலின் சுதியைக் கேட்டே நோயைச் சொல்லலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபயர் அலையின் இரண்டு பாதியையும் பயன்படுத்துவதால், ஃபில்டர் கெட்டால் வரும் இரைச்சல் 100 ஹெர்ட்ஸ். கிட்டாரின் தடித்த கம்பியை மூன்றாம் கட்டையில் அழுத்தி மீட்டினால் வருவது 98 ஹெர்ட்ஸ், அதாவது ஜி. இரைச்சல் அதோடு ஏறக்குறையச் சேர்ந்தால் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ்; ஹீட்டர் வயரிங்கிலோ எர்த்திலோ கோளாறு.

அடுத்தது கப்ளிங் கெப்பாசிட்டர். முந்தின வால்வின் உயர் டி.சி.யைத் தடுத்து, சிக்னலை மட்டும் அடுத்த கிரிட்டுக்கு அனுப்புவது இதன் வேலை. அக்காலத்தில் பலவற்றைக் காகிதமும் தகடும் சேர்த்துச் சுருட்டித்தான் செய்தார்கள். காகிதத்தில் ஈரம் ஏறினால் டி.சி. கசியும். 6வி6இன் கிரிட் நேர் பக்கம் சாய்ந்து, வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்து, பிளேட் செக்கச்செவேலென்று சிவக்கும். சோதிப்பது எளிது: 6வி6ஐக் கழற்றிவிட்டு அதன் சாக்கெட்டின் ஐந்தாம் காலில் டி.சி. வோல்ட் பார்க்க வேண்டும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் கெப்பாசிட்டரைத் தொட வேண்டாம். ஒரு வோல்ட் தெரிந்தால்கூட மாற்றிவிடுங்கள்.

கரித்தூளைப் பிசினோடு அழுத்திச் செய்த ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்) காலப்போக்கில் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். 100 கிலோஓம் என்று போட்டிருக்கும், மீட்டர் 130 காட்டும். பெரும்பாலும் அதனால் குடி முழுகிவிடாது. வாசிக்காதபோதும் படபடவென்று பொரிகிற சத்தம் வந்தால் மட்டும் வால்வின் பிளேட்டுக்குப் போகும் ரெசிஸ்டரை மாற்றலாம். வால்வுகளைப் பொறுத்தவரை கண்ணாடியின் உச்சியில் வெள்ளி பூசியது போன்ற பளபளப்பு இருந்தால் வெற்றிடம் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். அது எஞ்சிய காற்றைப் பிடித்து வைக்கும் பேரியம். பளபளப்பு போய்ப் பால் வெள்ளையாகிவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போடவேண்டியதுதான்.

இவற்றையெல்லாம்விட அவசரமாக மாற்றவேண்டியது ஒலிக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று: மின்கம்பி. அந்தக் காலத்து அமெரிக்க ஆம்ப்களுக்கு இரண்டு பின் பிளக்தான், எர்த் கிடையாது. இரைச்சலைக் குறைக்க மின்கம்பியின் ஒரு முனையிலிருந்து சாசிக்கு (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) ஒரு கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் சாசியில் நேரடியாகக் கரண்ட் ஏறும். சாசியோடு கேபிளின் வெளிச்சுற்று, அதோடு கிட்டாரின் கம்பிகள், கம்பிகளில் உங்கள் விரல்கள். பழுதுபார்ப்பவர்கள் அதை மரணக் கெப்பாசிட்டர் என்றே சொல்கிறார்கள். 1972இல் வேல்ஸின் ஸ்வான்சி நகரில் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் ஒழுங்காக இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். அசல் பாகம், சேகரிப்பு மதிப்பு என்ற பேச்செல்லாம் இந்த இடத்தில் எடுபடாது. கெப்பாசிட்டரை வெட்டி எடுத்து, மூன்று பின் கம்பி போட்டு, எர்த் வயரைச் சாசியில் தனி போல்ட்டில் இறுக்க வேண்டும்.

உள்ளே கை வைக்கும் முன் மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் 340 வோல்ட்டை அப்படியே பிடித்து வைத்திருக்கும். வால்வுகள் சூடாக இருக்கும்போது அணைத்தால் அவை வழியாகவே கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். வால்வைக் கழற்றியிருந்தாலோ 6வி6 செத்துப்போயிருந்தாலோ வடிய வழி கிடையாது. 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றில் காப்பிட்ட கம்பிகளும் முதலைக் கிளிப்புகளும் வைத்து வடிகால் செய்துகொள்ளுங்கள். ஒரு கிளிப் முதலில் சாசியில், இன்னொன்று பிறகு கெப்பாசிட்டரின் நேர் முனையில். சாம்ப்பின் மூன்று கெப்பாசிட்டரும் சேர்ந்து 32 மைக்ரோஃபாரட். இரண்டு வினாடியில் காலி. ஆனாலும் மல்டிமீட்டரில் பூஜ்யம் பார்த்தபிறகே கை வைக்க வேண்டும். கிளிப்பை எடுத்தபின் வோல்ட் தானாகக் கொஞ்சம் ஏறும். கெப்பாசிட்டரின் காப்புப் படலத்துக்குள் ஒளிந்திருந்த மின்னூட்டம் அது. அதனால் வேலை முடியும்வரை கிளிப்பை மாட்டியே வைத்திருப்பது நல்லது. ஆம்ப் ஓடும்போது அளக்க வேண்டிவந்தால், மீட்டரின் கறுப்புக் கம்பியைச் சாசியில் கிளிப் செய்துவிட்டு ஒரே கையால் அளக்க வேண்டும், மறு கை பாக்கெட்டில். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் போகிற பாதை நெஞ்சு வழியாக.

முதல் தடவை ஆன் செய்யும்போது நம் எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரியஸ் பல்பு போதும். ஆம்ப்போடு தொடராக ஒரு 60 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. டங்ஸ்டன் இழை சூடேற ஏறத் தடையும் பல மடங்கு ஏறுவதுதான் இங்கே வித்தை. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து மொத்த வோல்ட்டையும் தானே வாங்கிக்கொள்ளும், டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கும். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல சகுனம்.

அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப் என்றால் 230 வோல்ட்டில் நேராகச் செருக முடியாது, ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கடையில் 110, 120 என்று இரண்டும் கிடைக்கும். 110ஐ வாங்குங்கள். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த இரும்பு 50 ஹெர்ட்ஸில் அதிகக் காந்தப்புலத்தைச் சுமந்து கூடுதலாகச் சூடாகும். வோல்ட் சற்றுக் குறைவாக இருந்தால் அந்தப் பாரம் குறையும். இன்னொன்று, மலிவான ஸ்டெப்டவுன் பெட்டிகள் பலவற்றில் வெளிப்புற சாக்கெட்டுக்கு எர்த் இருக்காது. மூன்று பின் கம்பி போட்ட வேலை அங்கே வீணாகும்.

எல்லாம் சரியானபின் ஒரு சின்னக் கணக்கு. 6வி6இன் கேத்தோடிலிருந்து சாசிக்கு 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போகிறது. அதன் குறுக்கே 20 வோல்ட் காட்டுகிறது என்று வையுங்கள். 20ஐ 470ஆல் வகுத்தால் சுமார் 42 மில்லிஆம்பியர். அதில் மூன்று போல 6வி6இன் இரண்டாவது கிரிட்டான ஸ்கிரீன் கிரிட்டுக்குப் போனால் பிளேட்டுக்கு 39. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 320 வோல்ட் என்றால், பெருக்கினால் 12.5 வாட். 6வி6ஜிடி வால்வுக்குப் பழைய அட்டவணை தரும் வரம்பு 12 வாட். ஆக, சாம்ப் பிறந்ததிலிருந்தே கொஞ்சம் சூடாகத்தான் ஓடுகிறது. 15ஐத் தாண்டினால் மட்டும் பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டரைப் போட்டு அடக்கலாம்.

விளையாடிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஈயம் வைக்காமலே தொடங்கலாம். 12ஏஎக்ஸ்7க்குப் பதில் 5751 அல்லது 12ஏஒய்7ஐச் செருகலாம், கால்கள் அதேதான். பெருக்கும் திறன் எண் 100லிருந்து முறையே 70, 44 என்று குறைவதால் குமிழை அதிகம் திருகிய பிறகே ஒலி கரகரக்கத் தொடங்கும். சாம்ப்பில் பலர் செய்வது இன்னொன்று. ஸ்பீக்கரிலிருந்து 12ஏஎக்ஸ்7இன் இரண்டாம் பாதிக்கு 22 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக ஒலியின் ஒரு பங்கு திரும்பிப் போய் அதை அடக்கிவைக்கிறது. அந்த ரெசிஸ்டரின் ஒரு முனையைக் கழற்றினால் ஆம்ப் சத்தமாகவும் முரட்டுத்தனமாகவும் மாறும். பிடிக்காவிட்டால் திரும்ப ஒட்டிவிடலாம். எந்த மாற்றம் செய்தாலும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு மட்டும் வாசிக்கக் கூடாது. சுமை இல்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கில் எகிறி உள்காப்பைத் துளைத்துவிடும்.

கழற்றிய பழைய பாகங்களை ஓர் உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அடுத்து வாங்குபவர் கேட்பார். ஸ்பீக்கரில் குத்தியிருக்கும் எண்ணையும் துடைத்துவிட வேண்டாம். அதில் முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளர்: 220 என்றால் ஜென்சன், 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு. 465839 என்று இருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு 1958ஆம் ஆண்டின் 39ஆவது வாரத்தில் செய்தது. உள்ளே ஒட்டியிருக்கும் வால்வு அட்டவணைத் தாளில் எச், ஜே என்று இரண்டு எழுத்து முத்திரை தெரிந்தால் 1958 அக்டோபர். இரண்டும் ஒத்துப்போனால், அந்த ஸ்பீக்கர் ஆம்ப்போடு தொழிற்சாலையிலிருந்தே வந்தது என்று பெரும்பாலும் நம்பலாம்.