கலக்காத டீயும் தொப்பை போட்ட லேசர் கோடும்

ரங்கூன்ல எங்க வீட்ல அக்கா மகன் டீய கலக்காமலே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான், "மாமா, கரண்டி போடாம விட்டா சீனி தானா மேல வருமா?"ன்னான். வரும்டா, ஆனா நீ பெரியவனாயிடுவேன்னு சும்மா சொன்னேன், அப்புறம் கணக்குப் போட்டா ரொம்பப் பொய்யும் இல்ல. மூலக்கூறு நேரா நடக்காது, பக்கத்துல இருக்கறதெல்லாம் இடிச்சு இடிச்சு குடிகாரன் மாதிரி தள்ளாடும். அதனால பச்சத் தண்ணியில சீனி 1 செ.மீ. போக 27 மணி நேரம்னா, 10 செ.மீ. போக பத்து மடங்கு இல்ல, நூறு மடங்கு, அதாவது 110 நாளுக்கு மேல! (சூடான டீன்னா தண்ணியே சுழலும், அது வேற கதை.)

சரி, கண்ணுக்குத் தெரியாத இத எப்படி அளக்கறது? 1893ல ஓட்டோ வீனர்னு ஒரு ஜெர்மன்காரர் வழி காட்டிட்டார். அப்ப லேசர் ஏது, சாய்ஞ்ச மெல்லிசான இடுக்கு வழியா விட்ட விளக்கு வெளிச்சம்தான். நமக்கு லேசர் இருக்கே.

கண்ணாடித் துண்டுகள சிலிக்கோன் பசை போட்டு ஒட்டி மெல்லிசா ஒரு தொட்டி செஞ்சோம். முதல்ல தண்ணி, அப்புறம் சிரிஞ்சால அடியில மெதுவா சீனிப்பாகு. லேசர ஒரு கண்ணாடிக் குச்சி மேல அடிச்சா புள்ளி கோடா விரியும், குச்சிய 45 டிகிரி சாய்ச்சு வச்சா கோடும் சாயும், அந்தக் கோட்ட தொட்டி வழியா விட்டு செவுத்துல விழ வச்சோம். ஏன் சாய்க்கணும்னா, படுத்த கோடு ஒரே ஒரு உயரத்தத்தான் பாக்கும், நிமிந்த கோடு வளைஞ்சாலும் தன் மேலேயே விழுந்து மறைஞ்சிடும், சாய்ஞ்சதுலதான் எந்த உயரத்துல எவ்வளவு வளையுதுன்னு தனித்தனியா தெரியும். லேசர மட்டும் கண்ணுல வாங்கிடாதீங்க.

சீனிப்பாகுல வெளிச்சம் மெதுவா போகும். எவ்வளவு மெதுவாகுதுன்னு சொல்ற ஒளிவிலகல் எண் தண்ணிக்கு 1.33, 30 சதவீத பாகுக்கு 1.38. ரெண்டும் சேர்ற இடத்துல கதிரோட அடிப்பக்கம் பின்தங்க, மேல்பக்கம் முந்த, கதிர் கீழ வளையுது, ஒரு சக்கரம் சேத்துல மாட்டின வண்டி அந்தப் பக்கமே திரும்புமே அது மாதிரி. செவுத்துல பாத்தா கோடு நடுவுல தொப்பை போட்டு தொங்குது! தொட்டி 1 செ.மீ. தடிமன், செவுறு 1 மீட்டர் தள்ளின்னா முதல் மணி நேர முடிவுல தொப்பை கிட்டத்தட்ட 10 செ.மீ. வரணும், நாலு மணி நேரத்துல அதுல பாதி. சீனி பரவப் பரவ எல்லை மங்குது, தொப்பையும் வத்துது.

தொப்பையோட ஆழத்த வர்க்கம் பண்ணி, ஒன்ன அதால வகுத்து, நேரத்துக்கு எதிரா புள்ளி வச்சா நேர்கோடு வரும், அந்தச் சாய்வுலதான் சீனி எவ்வளவு வேகமா பரவுதுன்னு சொல்ற பரவல் எண் ஒளிஞ்சிருக்கு. 25 டிகிரியில ரொம்ப நீர்த்த சீனித் தண்ணிக்கு அது நொடிக்கு 0.0000052 சதுர செ.மீ. நம்ம ஊரு வெக்கையில கூடத்தான் இருக்கும், ஆனா பாகு கெட்டியானா குறையும்.

எங்க முதல் ரெண்டு புள்ளி கோட்டுல உக்காரல, ஊத்தும்போதே கொஞ்சம் கலந்திருச்சு. சாயங்காலம் கரண்ட் போய் கீழ் வீட்டு ஜெனரேட்டர் ஓட ஆரம்பிச்சதும் செவுத்துல கோடே நடுங்குது. அந்த நேரத்துப் புள்ளிகள அழிக்காம வட்டம் போட்டு வச்சிருக்கோம்.