திரையை மஞ்சளாக்கினால் கண் எரிச்சல் போகுமா?

பெங்களூரு அல்சூரில் கண் பரிசோதகராக இருக்கிறேன். மாலை ஏழு மணிக்கு மேல் வருகிறவர்களில் நிறையப் பேர் நம் ஊர்ப் பிள்ளைகள். சேலம், வேலூர், திருப்பத்தூர் பக்கமிருந்து வந்து பெல்லந்தூரிலும் ஒயிட்ஃபீல்டிலும் வேலை பார்க்கிறவர்கள். அமெரிக்கக் குழுவோடு பேசி முடிக்கவே இவர்களுக்கு நள்ளிரவாகிவிடும்.

போன மாதம் ஒரு தம்பி வந்தார். "சார், பிரவுசர்ல எக்ஸ்டென்ஷன் போட்டுட்டேன், ஸ்கிரீன் மஞ்சளா ஆயிடுச்சு. ஆனாலும் கண்ணு எரியுது. பவர் ஏறிடுச்சா?" என்றார். எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு சிறு நிரல். அவர் போட்டிருந்தது, திரையின் நீல ஒளியைக் குறைத்து மஞ்சளாகக் காட்டுவது. பவர் ஏறவில்லை. லேப்டாப்பைத் திறந்து வழக்கமான வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவர் எத்தனை முறை இமைக்கிறார் என்று எண்ணினேன். ஒரு நிமிடத்தில் 5 முறை. என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது 15-ஐத் தாண்டியிருந்தது.

எரிச்சலுக்குக் காரணம் அதுதான். இமைக்க மறந்தால் கண்ணின் மேலுள்ள நீர்ப்படலம் காய்ந்துவிடும். நீல ஒளிக்கும் இந்த எரிச்சலுக்கும் பெரிய தொடர்பில்லை. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகள் பற்றிய 17 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் அலசியது. கணினியால் வரும் கண் சோர்வை அந்தக் கண்ணாடிகள் குறைப்பதாகத் தெரியவில்லை. ஆகவே கண்ணாடிக் கடையில் 'ப்ளூ கட்' என்று கூடுதல் பணம் கேட்டால், தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்படியானால் எக்ஸ்டென்ஷன் வீணா? இல்லை. அதன் பயன் தூக்கத்தில் இருக்கிறது. நம் விழித்திரையில் சில செல்களின் முக்கிய வேலை, இது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வது. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டால்தான் அவை அதிகம் தூண்டப்படுகின்றன. மூளையும் பகல் என்றே நினைத்து, தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பைக் குறைத்துவிடும். அதனால் இரவில் நீலத்தைக் குறையுங்கள், கூடவே வெளிச்சத்தையும் குறையுங்கள். முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றினால் பலன் சொற்பம்.

சரி, எதைப் போடுவது? விண்டோஸில் 'நைட் லைட்', ஐபோனில் 'நைட் ஷிஃப்ட்' ஏற்கெனவே இருக்கின்றன. அவை முழுத் திரைக்கும் வேலை செய்யும். ஆபீஸ் லேப்டாப்பில் செட்டிங்ஸைத் தொட முடியாதவர்களுக்குத்தான் எக்ஸ்டென்ஷன் கைகொடுக்கும், அதுவும் அலுவலகம் அனுமதித்தால். இந்த எக்ஸ்டென்ஷன்களில் பெரும்பாலானவை பக்கத்தின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மெல்லிய அடுக்கை விரிக்கின்றன, அவ்வளவே. பிரவுசருக்கு வெளியே திறக்கும் எக்செல்லில் அது தெரியாது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த அடுக்கை விரிப்பதற்காக எக்ஸ்டென்ஷன், எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். உங்கள் வங்கிப் பக்கமும் அதில் அடக்கம். யார் செய்தது என்றே தெரியாத ஒன்றுக்கு அந்த அனுமதியைக் கொடுக்காதீர்கள். எப்படி எழுதப்பட்டது என்று யாரும் பார்க்கும்படி மூல நிரல் வெளிப்படையாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். குரோமில், நீங்கள் சொல்லும் தளங்களில் மட்டும் அது இயங்கும்படியும் வைக்கலாம்.

அந்தத் தம்பி மூன்று வாரம் கழித்து வந்தார். பதினோரு மணிக்கு மேல் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறாராம், படுத்ததும் தூக்கம் வருகிறதாம். இமைப்பதும் நினைவிருக்கிறது. ஆனால் பகலில் இன்னும் கொஞ்சம் எரிகிறது என்றார். விசாரித்தபோது, ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கும் இருக்கை என்று தெரிந்தது. இடத்தை மாற்றிக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.