பியர்க் கூடத்தில் தரையோடு தேங்கும் வாயு

"அலுவலக நண்பர்கள் சேர்ந்து பியர் காய்ச்சுற ஒரு சின்ன பியர்க் கூடத்தைச் சுற்றிப் பார்க்கப் போறம். என்னத்தைக் கவனிக்க வேணும், அண்ணா?" என்று வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டார். நான் தொழிற்பாதுகாப்புத் துறையில் வேலை செய்பவன். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைப் பற்றித்தான் சொல்வேன் என்று அவர் நினைத்திருப்பார். அதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இலங்கைச் சட்டத்தில் எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். ருசி பார்க்கத் தரும் சின்னக் குவளைகளை யாரும் கணக்கு வைப்பதில்லை. ஆகவே ஓட்டுபவர் தொடவே கூடாது, அல்லது எல்லோரும் வாடகை வண்டியில் போங்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது கொடுக்கச் சட்டம் இடம் தராது.

எனக்குக் கவலை தருவது குவளையில் இருப்பதை விட, தரையோடு தேங்கி நிற்கும் வாயுதான்.

வாற்கோதுமையை ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் கலந்தால் மாப்பொருள் சீனியாகிறது. அந்தச் சாற்றைக் கொதிக்கவைத்து ஆற்றி மதுவம் (ஈஸ்ட்) சேர்க்கிறார்கள். மதுவம் சீனியைத் தின்று இரண்டு பொருட்களை வெளியே விடுகிறது. ஒன்று மதுசாரம், மற்றது காபனீரொட்சைட்டு. 180 கிராம் குளுக்கோசிலிருந்து 92 கிராம் மதுசாரமும் 88 கிராம் வாயுவும் வரும். அதாவது எவ்வளவு மதுசாரமோ ஏறத்தாழ அவ்வளவு எடை வாயு. 1000 லீற்றர் தாங்கி ஒன்றில் 5 சதவீத மதுசாரம் உள்ள பியர் புளித்து முடிவதற்குள் சுமார் 38 கிலோ வாயு உண்டாகும். நம் ஊர் வெப்பத்தில் அது 20 கன மீற்றருக்கு மேல் இடம் பிடிக்கும். பத்துக்குப் பத்து அடியில், எட்டடி உயரத்தில் ஓர் அறையைக் கட்டினால் அதன் கொள்ளளவு 22.7 கன மீற்றர். ஒரேயொரு தாங்கி சில நாட்களில் அந்த அறையைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும் என்று அர்த்தம். சின்னக் கூடத்தில்கூட இப்படி நாலைந்து தாங்கிகள் வரிசையாக நிற்கலாம்.

கள்ளு முட்டியில் நுரை பொங்குவதும் இதே வாயுவால்தான். ஆனால் பனை உச்சியில் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் நம்மவர் யாருக்கும் புளிக்கும் பானத்தைக் கண்டு பயம் வந்ததில்லை. மூடிய அறையில் கதை வேறு. இந்த வாயு காற்றை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரமானது, நிறமில்லாதது. படிக்கட்டின் கீழ், வடிகால் குழி, நிலவறை என்று தாழ்ந்த இடம் பார்த்து இறங்கும். வெளிக்காற்றில் இது இருப்பது 0.04 சதவீதம்தான். எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை 0.5 சதவீதம். 3 சதவீதத்தில் மூச்சு வேகமெடுக்கும், தலை வலிக்கும். 4 சதவீதத்தை உடனடி உயிராபத்தான அளவு என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். 10 சதவீதத்தில் சில நிமிடங்களிலேயே நினைவு தப்பும்.

பயிற்சி வகுப்புகளில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான். "எங்களிடம் ஒட்சிசன் மீற்றர் இருக்கிறது சேர், அது கத்தவில்லை" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றில் ஒட்சிசன் 20.9 சதவீதம். அறைக்குள் 5 சதவீதம் காபனீரொட்சைட்டு சேர்ந்தால் ஒட்சிசன் 19.9க்குத்தான் இறங்கும். வழக்கமாக அந்த மீற்றர் கத்துவதற்கு வைத்திருக்கும் எல்லை 19.5. எனவே உயிராபத்தான அளவைத் தாண்டிய பிறகும் மீற்றர் பச்சை விளக்கோடு பேசாமல் இருக்கும். காபனீரொட்சைட்டு ஒட்சிசனின் இடத்தைப் பிடிப்பதோடு நிற்பதில்லை, அதுவே இரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்குகிறது. அதனால் அதை நேரடியாக அளக்கும் தனி மீற்றர் வேண்டும். மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்கும் பழைய முறையும் இதே காரணத்தால் உதவாது. சுடர் அணையும் வேளையில் மனிதனுக்கு ஆபத்தான அளவு எப்போதோ தாண்டியிருக்கும்.

கொழும்பில் பழைய வீட்டின் கீழ்த்தளத்தையோ கடைக்கட்டடத்தின் பின்புறத்தையோ இப்படியான கூடமாக மாற்றுவது சுலபம், அதைக் காற்றோட்டமாக்குவதுதான் கஷ்டம். நான் பார்த்த ஓர் இடத்தில் சரியான மீற்றரே வாங்கி வைத்திருந்தார்கள். ஆனால் அதைப் புகை எச்சரிக்கைக் கருவி மாதிரிக் கூரையோரம் பொருத்தியிருந்தார்கள். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்க வேண்டிய கருவி அது. சுற்றிக் காட்டிய இளைஞருக்குத் தொழிலில் உண்மையான பற்று. "சேர், மூடியைத் திறக்கிறன், கிட்ட வந்து மணந்து பாருங்கோ" என்றார். அந்த அறையில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் மாட்டும் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிராக்குகிறது. வெளிக்காற்றை அது கொண்டுவருவதில்லை. குளிர்ச்சியாக இருப்பதால் காற்றும் சுத்தம் என்று உடம்பு நம்பிவிடுகிறது.

மின்தடையும் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9 அன்று முழு நாடும் இருளில் கிடந்ததை மறந்திருக்க மாட்டோம். ஜெனரேட்டர் இருக்கும் கூடங்களில் அதைக் குளிரூட்டும் இயந்திரத்துக்குத்தான் முதலில் இணைப்பார்கள், பியர் கெட்டுவிடக் கூடாதல்லவா. காற்றை வெளியே தள்ளும் விசிறியும் அதே இணைப்பில் இருக்கிறதா என்று கேட்டால் பல நேரம் பதில் வராது. நீங்கள் உள்ளே இருக்கும்போது மின்சாரம் போனால், ஜெனரேட்டர் சத்தம் கேட்டாலும் வெளியே வந்துவிடுங்கள்.

போகிறவர்கள் இதைச் செய்யலாம். தாங்கி மூடிக்கு மேல் முகத்தைக் கொண்டுபோக வேண்டாம். மூக்கில் சுருக்கென்று குத்தினால் அது பியருக்கு மணம் தரும் ஹொப்ஸ் பூவின் வாசனை இல்லை, மூக்கின் ஈரத்தில் வாயு கரைந்து அமிலமாவதுதான். மணந்து பார்க்க ஆசையென்றால் ஒரு குவளையில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். "மீற்றர் எங்கே இருக்கு?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல கூடமாக இருந்தால் பெருமையோடு காட்டுவார்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள், அவர்களின் மூக்கு தரைக்குக் கிட்ட இருக்கிறது. பாட்டா செருப்போடும் போகாதீர்கள். தாங்கி கழுவுவது தோலை அரிக்கும் சூடான கோஸ்டிக் சோடாக் கரைசலால், தரை எப்போதும் ஈரம். பியர்ப் பீப்பாய்களும் வாயு சிலிண்டர்களும் இருக்கும் குளிரறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படம் எடுப்பதை அடியோடு விட்டுவிடுங்கள்.

கல்யாண மண்டபத்தில் மணமக்கள் நடந்து வரும்போது தரையில் வெண்புகை பரவ விடுகிறார்களே, அதற்குப் பயன்படும் உலர்பனிக்கட்டியும் உறைந்த காபனீரொட்சைட்டுதான். அதைக் காரின் பின்சீற்றில் வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டிவருகிறவர்களுக்கும் நான் மேலே சொன்ன எல்லா எண்களும் பொருந்தும்.

கூடம் நடத்துகிறவர்கள் தொழில் திணைக்களத்தின் கைத்தொழிற் பாதுகாப்புப் பிரிவிடம் ஆலோசனை கேட்கலாம். காற்றோட்டத் திட்டத்தைத் தாங்கிகள் வாங்கும் முன்பே பேசுவது நல்லது. சுவர் எழும்பிய பிறகு குழாய்க்கு இடம் தேடுவது இரட்டைச் செலவு.

யாராவது விழுந்துவிட்டால் பின்னால் இறங்காதீர்கள். கிணறு துப்புரவாக்க இறங்கியவர் மயங்க, தூக்கப் போன தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும் கூடவே போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்கத் தேசியத் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் 1986இல் எழுதியது. வெளியே நின்றபடி கதவுகளைத் திறந்துவிடுங்கள், மற்றவர்களை வெளியேற்றுங்கள். 110க்கு அழைத்துத் தீயணைப்புப் படையையும், 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்சையும் கூப்பிடுங்கள். "ஒருவர் மயங்கிவிட்டார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பியர்க் கூடம், வாயு தேங்கியிருக்கு, உள்ளே ஒருவர் கிடக்கிறார்" என்று சொல்லுங்கள். சுவாசக் கருவியோடு வர வேண்டும் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரியும்.