கார்பன் கிராவல் பைக்கில் பை கட்டுகிறவர்களுக்கு

நீண்ட பயணம் முடித்து வரும் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றியதும் பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவேன். வந்தவர் கியர் சரியாக மாறவில்லை என்பார், பிரேக் கத்துகிறது என்பார். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பை எந்த இடத்தில் ஃபிரேமைத் தொட்டுக்கொண்டிருந்ததோ, அந்த இடத்தைத்தான் என் கண் முதலில் தேடும்.

ஏன் என்பதற்கு ஒரு சம்பவம். பதினொரு நாள் மண்பாதையில், அதில் பாதி நாள் மழையில், ஓட்டிவிட்டு ஒருவர் தன் கார்பன் கிராவல் பைக்கை, அதாவது மண்பாதைக்கென்று செய்த கார்பன் நார் ஃபிரேம் சைக்கிளை, கொண்டுவந்தார். சர்வீஸ் மட்டும் போதும் என்றார். ஃபிரேமின் முக்கோணத்துக்குள் இருந்த பையின் முன் வாரை அவிழ்த்தேன். மேல்குழாயில் கட்டைவிரல் அகலத்துக்குப் பெயின்ட் இல்லை. பளபளப்பான மேல்பூச்சும் இல்லை. மங்கலான கறுப்பாக நார் வரிகள் தெரிந்தன. வெள்ளைத் துணியால் மெதுவாகத் துடைத்துப் பார்த்தேன். துணியின் நூல் இரண்டு இடத்தில் சிக்கிக்கொண்டது, துணியில் கறுப்புப் பொடி ஒட்டியிருந்தது. “அண்ணா, பெயின்ட்தானே போயிருக்கு?” என்று கேட்டார். இல்லை, நார் அறுந்திருக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது.

அவர் விழவில்லை, எதிலும் மோதவில்லை. அளவுக்கு மீறிப் பளுவும் ஏற்றவில்லை. பதினொரு நாளும் ஒரு துணி வார் உரசியதுதான் காரணம்.

கார்பன் என்றாலே உடைந்துவிடும், பளு ஏற்றப் பயணத்துக்கு ஆகாது என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கனடாவின் பான்ஃபில் தொடங்கி அமெரிக்க-மெக்சிகோ எல்லை வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் டூர் டிவைட் பந்தயப் பாதையை மனதில் வைத்தே சால்சா நிறுவனம் கட்த்ரோட் என்ற கார்பன் சைக்கிளை வடிவமைத்தது. ஒழுங்காக வடிவமைத்த கார்பன் ஃபிரேம் பளுவைத் தாங்கும். கரடுமுரடான பாதையின் அதிர்வையும் ஓரளவு விழுங்கிக்கொள்ளும். ஆனால் அதன் பலம் எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று தெரிந்துகொண்டு பையைக் கட்ட வேண்டும்.

கார்பன் குழாய் என்பது நார் விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எபாக்ஸி பிசினால் இறுக்கியது. நாரின் நீளவாக்கில் இழுத்தால் அசாத்திய பலம். எந்தப் பக்கத்திலிருந்து விசை வரும் என்று கணக்கிட்டு, அதற்கேற்ற கோணங்களில் அந்த அடுக்குகளை வைக்கிறார்கள். குழாயின் சுவர் பல இடங்களில் 1 அல்லது 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்தச் சிறு தடிமனுக்குள் எல்லா அடுக்கும் அடங்கியிருக்கிறது. மேலே இரண்டு அடுக்கு தேய்ந்துபோனால் அந்தக் கணக்கே மாறிவிடும். எஃகுக் குழாயில் வார் உரசினால் பெயின்ட் போய்த் துரு பிடிக்கும், துடைத்துத் திரும்பப் பூசிவிடலாம். கார்பனில் உரசல் பெயின்டோடு நிற்பதில்லை.

வார் மெத்தென்றுதானே இருக்கிறது, அது எப்படித் தேய்க்கும்? வாருக்கும் குழாய்க்கும் நடுவில் மண் புகுந்துகொள்கிறது. மணல் துகளில் பெரும்பகுதி குவார்ட்ஸ். பெயின்டைவிட, எபாக்ஸியைவிட அது எவ்வளவோ கடினம். மழையில் சேறு தெறித்து வாரின் நெசவில் ஒட்டிக்கொண்டால் வார் உப்புத்தாள் ஆகிவிடும். கரடான பாதையில் பை ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு மில்லிமீட்டர் அசையும். நாள் முழுக்க அப்படியே நடந்தால் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஃபிரேமை ராவிக்கொண்டிருப்பதற்குச் சமம். தளர்வாகக் கட்டிய பை இதில் இன்னும் மோசம், ஏனென்றால் அதிகமாக அசைகிறது.

ஆகவே புது பைக் வாங்கியதும், முதல் பை ஏறுவதற்கு முன்பே, கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிவிடுங்கள். பைகளை ஒருமுறை வெறுமனே கட்டிப் பாருங்கள், வார்கள் எங்கே வருகின்றன என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்துவிட்டு, வாரின் அகலத்தைவிட இரு பக்கமும் ஒரு விரல் கூடுதலாக ஃபிலிம் ஒட்டுங்கள். மறந்துவிடுகிற இடங்கள் மூன்று: ஹேண்டில்பார் பையின் முதுகு படுகிற ஹெட்டியூப் (ஃபிரேமின் முன்பக்கக் குழாய்), பெரிய சீட் பையின் வார் சுற்றுகிற சீட்போஸ்ட் (சீட்டைத் தாங்கும் தண்டு), ஹேண்டில்பார் பையின் பின்னால் அமுங்கிய கேபிள்கள் ஃபிரேமைத் தொடுகிற இடம். கேபிள் உரசி நகம் சிக்கும் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்த ஹெட்டியூபை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் வாங்கவில்லை என்றால், பையைப் போல்ட் போட்டு மாட்டும் வசதி ஃபிரேமின் உள்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வார் குறையும், உரசலும் குறையும். இருநூறு கிராம் எடை குறைந்த ஃபிரேமைவிட இந்த வசதி உள்ள ஃபிரேமையே நான் சிபாரிசு செய்வேன். பின்சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவிலான இடைவெளியையும் பாருங்கள். டயர் உள்ளே நுழைந்தால் போதாது, சேறு அப்பிய டயர் சுற்றவும் இடம் வேண்டும். செயின்ஸ்டேயின் (பின்சக்கரத்தை ஒட்டிக் கீழே ஓடும் குழாய்) உள்பக்கத்தைச் சேறு தின்றுவிட்ட ஃபிரேம்களும் என்னிடம் வருகின்றன.

உரசலுக்கு அடுத்த எதிரி நசுக்கல். ஒரு புள்ளியில் சுற்றி இறுக்குவதைக் கார்பன் குழாய் தாங்காது. கேரியர் மாட்ட வழி இல்லையென்று சீட்ஸ்டேயில் (சீட்டுக்குக் கீழிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் குழாய்) உலோகக் கிளாம்ப் போட்டு முறுக்கியவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஸ்டாண்டிலோ கார் ரேக்கிலோ வைக்கும்போதும் மேல்குழாயைக் கவ்வ விடாதீர்கள். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மில், போல்ட்டுக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். பாட்டில் கூண்டு போல்ட்டுக்கு 2 அல்லது 3 போதும். அதை வேகத்தில் முறுக்கினால் கார்பனுக்குள் பதித்த அலுமினிய மரை பிடி விட்டுத் தனியாகச் சுற்ற ஆரம்பிக்கும். பிறகு கழற்றவும் முடியாது, இறுக்கவும் முடியாது. சீட்போஸ்ட் வழுக்கி இறங்கினால் இன்னும் இறுக்க வேண்டாம், கார்பன் பேஸ்ட் தடவுங்கள். அதிலுள்ள நுண்துகள் குறைந்த இறுக்கத்திலேயே பிடி கொடுக்கும்.

சரி, எடைக்கு வருவோம். சைக்கிளின் கையேட்டில் மொத்த எடை வரம்பு என்று ஓர் எண் இருக்கும். அது லக்கேஜுக்கு மட்டுமான எண் என்று பலர் தப்பாகப் படிக்கிறார்கள். ஓட்டுபவர், சைக்கிள், பை, தண்ணீர், சாப்பாடு எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஓட்டுபவர் 85 கிலோ, சைக்கிள் 10, கூடாரமும் துணியும் கருவிகளும் பைகளும் 13, நான்கு லிட்டர் தண்ணீர் 4, சாப்பாடு 3 என்று வைத்தால் 115 கிலோ. வரம்பு 120 என்றால் மீதி ஐந்துதான். வறண்ட பகுதிக்குள் நுழையும் முன் இன்னும் ஆறு லிட்டர் தண்ணீர் ஏற்றினால் வரம்பு தாண்டிவிட்டது. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்குத் தனி வரம்பு உண்டு. பளு வைக்கும் கூண்டை மாட்டுகிற மூன்று போல்ட் மவுண்டில் ஒரு பக்கத்துக்கு 3 கிலோ என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. உங்கள் ஃபோர்க்குக்கு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். கூண்டின் எடையையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சமமாக ஏற்றுங்கள். முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் அந்தப் போல்ட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், குலுக்கலில் தளர்ந்திருக்கும்.

பளு கூடினால் பிரேக் பேடும் வேகமாகத் தேயும். நீண்ட பயணம் என்றால் மாற்று ஜோடி ஒன்றும், பின்கியர் மாற்றியை ஃபிரேமோடு இணைக்கும் டிரெய்லியர் ஹேங்கர் ஒன்றும் பையில் இருக்கட்டும். கார்பன் ஃபிரேமைக் காப்பாற்ற வேண்டி வளைவதற்கென்றே செய்த துண்டு அந்த ஹேங்கர். ஒவ்வொரு மாடலுக்கும் வேறுபடலாம், வழியில் இருக்கும் கடையில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

விழுந்துவிட்டால், அல்லது கல் பலமாக அடித்தால், அங்கேயே நிறுத்திப் பாருங்கள். நகத்தால் கீறலுக்குக் குறுக்கே இழுங்கள். நகம் சிக்காவிட்டால் பெரும்பாலும் மேல்பூச்சுதான். சிக்கினால், குழாய் விரலுக்கு அமுங்கினால், பெடல் மிதிக்கும்போது புதிதாக முனகல் கேட்டால், ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். நாணயத்தால் தட்டிப் பார்க்கும் பழக்கமும் உண்டு. நல்ல இடத்தில் கூர்மையாக ஒலிக்கும், அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் எழுப்ப அது உதவும், ஆனால் அது நன்றாக ஒலித்துவிட்டது என்பதற்காக ஒரு ஃபிரேமுக்கு நான் உறுதி கொடுக்க மாட்டேன். குழாயின் சுவர் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒலியும் மாறும். ஃபோர்க்கின் ஸ்டியரர் (ஹெட்டியூபுக்குள் ஏறி ஸ்டெம்மோடு சேரும் குழாய்) விஷயத்தில் சந்தேகத்துக்கே இடம் வைக்கக் கூடாது. அது முறிந்தால் ஹேண்டில்பார் கையோடு வந்துவிடும். ஸ்டெம்மைக் கழற்றி, வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள்.

அந்தப் பதினொரு நாள் சைக்கிளைக் கார்பன் ரிப்பேர் தெரிந்தவரிடம் அனுப்பினேன். தேய்ந்த அடுக்குகளை நீக்கி, புது நார் வைத்து இறுக்கி, பெயின்ட் அடித்துக் கொடுத்தார். இரண்டாவது முறை என்னிடம் வந்தபோது வார் வரும் இடத்திலெல்லாம் ஃபிலிம் இருந்தது. பையின் முன்பக்கத்தை மட்டும் உயர்த்திப் பார்த்தேன். ஃபிலிமில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், அதற்குக் கீழே பெயின்ட் அப்படியே இருந்தது. ஃபிலிமை உரித்துப் புதிதாக ஒட்டிக் கொடுத்தேன்.