நீராவி உயர்த்தும் பேஸ்ட்ரி: பிரீ சீஸும் கிரான்பெர்ரியும் சேர்ந்து வேகும் விதம்

அமெரிக்காவில் நவம்பர் மாத நன்றி நவிலும் நாள் தொடங்கி கிறிஸ்துமஸ் முடியும்வரை நடக்கும் வீட்டு விருந்துகளில், சாப்பாட்டுக்கு முன் கையில் எடுத்துக் கொறிக்கத் தரப்படும் பண்டங்களுள் பிரீ (Brie) என்னும் மென்மையான பிரெஞ்சு சீஸும் கிரான்பெர்ரி என்னும் புளிப்பான சிவப்புப் பழமும் வைத்துச் சுட்ட சிறு பேஸ்ட்ரி தவறாமல் இடம்பெறுகிறது. கடையில் உறைநிலையில் விற்கும், மாவும் வெண்ணெயும் அடுக்கடுக்காக மடித்த பஃப் பேஸ்ட்ரித் தாளைச் சதுரங்களாக வெட்டி, குட்டி மஃபின் தட்டின் குழிகளில் பதித்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு சீஸும் அரைத் தேக்கரண்டி பழக் கூழும் வைத்து, 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் 15 முதல் 20 நிமிடம் சுட்டால் வேலை முடிந்துவிடுகிறது. செய்முறை இவ்வளவு எளிதாக இருந்தும், ஒரு வீட்டில் அடுக்கடுக்காக உப்பிப் பொன்னிறமாக வரும் அதே பண்டம் இன்னொரு வீட்டில் அடி நமத்து, சீஸ் வழிந்து, தட்டில் கருகிக் கிடக்கிறது. இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் நீரே காரணம். மாவு உப்புவதற்கு நீர் தேவை. உப்பிய பின் அந்த நீர் வெளியேறியாக வேண்டும். சீஸிலும் பழத்திலும் உள்ள நீரோ இருந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

முதலில் மாவைப் பார்ப்போம். மைதாவை நீரும் சிறிது உப்பும் சேர்த்துப் பிசைந்து, தகடாகத் தட்டிய குளிர்ந்த வெண்ணெயை அதன் நடுவே வைத்து மூடி, நீளமாகத் தேய்த்து மூன்றாக மடிக்கிறார்கள். பிறகு குளிரவைத்து, கால் திருப்பு திருப்பி, மறுபடியும் தேய்த்து மூன்றாக மடிக்கிறார்கள். பிரெஞ்சு மரபில் இதை ஆறு முறை செய்வது வழக்கம். ஒவ்வொரு மடிப்பும் அடுக்குகளை மும்மடங்காக்குவதால் ஆறாவது மடிப்பின் முடிவில் வெண்ணெய் அடுக்குகள் மட்டுமே 729 ஆகிவிடுகின்றன. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள தாளுக்குள் இத்தனையும் அடங்க வேண்டுமென்றால், ஒவ்வோர் அடுக்கும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிட மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த வேலையை ஆலைக்கு விட்டுவிட்டுக் கடைத் தாளை வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை என்றே தோன்றுகிறது.

ஓவனுக்குள் போனதும் முதலில் உருகுவது வெண்ணெய். 32 முதல் 35 டிகிரிக்குள் அது திரவமாகிவிட்டாலும் மாவு அடுக்குகளுக்கிடையே ஓர் எண்ணெய்ப் படலமாகத் தங்கி, அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. சூடு 100 டிகிரியை நெருங்கும்போது மாவில் உள்ள நீரும், வெண்ணெயில் ஏறத்தாழ 16 விழுக்காடு இருக்கும் நீரும் ஆவியாகின்றன. ஒரு கிராம் நீர் முழுவதும் ஆவியானால் அந்த வெப்பநிலையில் சுமார் 1.7 லிட்டர் இடத்தை அடைக்கும். கொழுப்புப் படலத்தைத் தாண்டி எளிதில் வெளியேற முடியாத இந்த நீராவி, மேலே உள்ள மாவு அடுக்கைத் தூக்குகிறது. பூரியை உப்ப வைப்பதும் இதே நீராவிதான்; பூரியில் ஒரே அறை, பஃப் பேஸ்ட்ரியில் நூற்றுக்கணக்கான அறைகள். இதற்கிடையே மாவிலுள்ள ஸ்டார்ச் நீரை உறிஞ்சி வெந்து, குளூட்டன் புரதமும் இறுகிவிடுவதால், நீராவி வெளியேறிய பிறகும் தூக்கப்பட்ட அடுக்குகள் அப்படியே நிற்கின்றன. கடைசி நிமிடங்களில் எஞ்சிய நீரும் போய் அடுக்குகள் காயும்போதுதான் மொறுமொறுப்பு வருகிறது. பொன்னிறம் வந்தவுடன் அவசரப்பட்டு எடுத்துவிட்டால் மேலே நிறமும் உள்ளே ஈர மாவுமாகவே மிஞ்சும்.

தாள் குளிர்ச்சியாக ஓவனுக்குள் போக வேண்டும் என்று வலியுறுத்துவதன் பொருளும் இதனால் விளங்கும். எப்படியும் உருகப்போகிற வெண்ணெய்க்கு முன்கூட்டிய குளிர்ச்சி எதற்கு என்று கேட்கலாம். வெண்ணெய் உருகுவதற்கும் நீராவி எழுவதற்கும் இடையிலான நேரம் குறுகியதாக இருந்தால் கொழுப்பு தன் இடத்திலேயே இருக்கும். சமையலறை வெக்கையில் தாள் அரை மணி நேரம் கிடந்தாலோ, ஓவன் முழுச் சூட்டுக்கு வருமுன் உள்ளே வைத்தாலோ, இளகிய வெண்ணெய் மாவுக்குள் ஊறிவிடும். அடுக்குகளைப் பிரிக்க எதுவும் இராது. வெட்டும் கத்தியும் கூராக இருக்க வேண்டும், ஏனெனில் மொண்ணைக் கத்தி விளிம்பை அழுத்தி அடுக்குகளை ஒட்டிவிடும். மேலே பூசும் முட்டை விளிம்பில் வழிந்தாலும் இதே கேடுதான்: முட்டைப் புரதம் சூட்டில் இறுகிப் பசையாகிவிடுகிறது.

நம்மூர் பேக்கரிகளின் முட்டை பஃப்ஸும் வெஜ் பஃப்ஸும் இதே நுட்பத்தின் வாரிசுகள்தாம். வெயில் நாட்டில் வெண்ணெயை அடுக்குவது பெரும்பாடு என்பதால் அங்கே பெரும்பாலும் உருகுநிலை கூடிய மார்ஜரின் பயன்படுகிறது. அடுக்குகள் அதில் நன்றாகவே உயர்கின்றன. ஆனால் வாயின் வெப்பத்தில் முழுதும் உருகாத அந்தக் கொழுப்பு மேலண்ணத்தில் மெழுகுபோல் படிந்துவிடுவதை பஃப்ஸ் சாப்பிட்டவர்கள் அறிவார்கள்.

அடுத்தது சீஸ். பாரிஸுக்குக் கிழக்கே உள்ள பிரீ பகுதியின் பெயரைத் தாங்கிய இந்தச் சீஸின் எடையில் ஏறத்தாழ பாதி நீர். அதன் வெண்ணிறத் தோல் பெனிசிலியம் கேமம்பர்ட்டி என்னும் பூஞ்சை நெய்த விரிப்பு, தாராளமாக உண்ணலாம். இந்தப் பூஞ்சை மேற்பரப்பிலுள்ள லாக்டிக் அமிலத்தைத் தின்று, புரதத்தையும் சிதைத்து அம்மோனியாவை வெளிவிடுவதால் வெளிப்புறத்தில் அமிலத்தன்மை குறைகிறது. அதனால் கால்சியம் பாஸ்பேட் உள்ளிருந்து வெளிப்புறம் நோக்கி நகர்ந்து அங்கே படிகிறது. பாலின் முதன்மைப் புரதமான கேசீனைப் பிணைத்து வைக்கும் கால்சியம் இப்படி விலகுவதாலும், அமிலம் குறைவதாலும், தோலுக்கு அடியிலிருந்து தொடங்கி மையம் நோக்கிச் சீஸ் இளகிக்கொண்டே போகிறது. பழுக்காத பிரீயை வெட்டினால் நடுவில் சுண்ணாம்புக் கட்டி போன்ற வெள்ளைப் பட்டை தெரிவது இதனால்தான்.

மென்மையான, ஈரப்பதம் மிகுந்த சீஸ்கள் ஏறத்தாழ 55 டிகிரியிலேயே உருகி ஓடத் தொடங்குகின்றன. செடார் சீஸுக்கு 65 டிகிரி வேண்டும். உருகுவது என்று சொன்னாலும் இங்கு நடப்பவை இரண்டு: கொழுப்பு திரவமாகிறது, பிறகு கேசீன் வலையின் பிணைப்புகள் தளர்கின்றன. பிரீ கிடைக்காத இடத்தில் பனீரை வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பனீருக்குப் பாலை நன்கு கொதிக்கவைத்து அமிலம் சேர்த்துத் திரிக்கிறோம். அதில் கேசீனோடு மோர்ப் புரதங்களும் பிணைந்துகொள்கின்றன. அப்படி உருவான வலை சூடேறும்போது தளராமல் மேலும் நெருங்குகிறது. குழம்பில் பனீர் கரையாமல் நிற்பதற்குக் காரணமான அதே குணம், பேஸ்ட்ரிக்குள் அதை உருகாத கட்டியாகவே விட்டுவைக்கிறது. பதிலாக எதையாவது வைத்தே தீர வேண்டுமென்றால் பிரீயைப் போன்றதான கேமம்பர்ட் சீஸ் வைக்கலாம்.

எந்தப் பிரீ என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. காய்ச்சாத பாலில் செய்த சீஸ் 60 நாளாவது பழுத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். காய்ச்சாத பாலில் செய்து, அவ்வளவு நாள் காத்திராமல் உண்ணப்படும் பிரான்சின் பிரீ டி மோ வகை அங்கே விற்பனைக்கு வருவதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது பாஸ்டர் முறையில் சூடாக்கிய பாலில் செய்தது. அதிலும் பெரும்பகுதி, அமிலம் அதிகம் ஏறாத வகையில் பாக்டீரியாக்களைத் தேர்ந்து செய்யப்படுகிறது. அமிலம் ஏறாததால் முதல் நாளிலிருந்தே மென்மையாகவும், கால்சியம் உள்ளேயே தங்குவதால் பல வாரங்கள் சென்றாலும் ஒழுகாமலும் இருக்கிறது. சீஸ் ரசிகர்கள் இதைச் சப்பென்றிருப்பதாக ஒதுக்குவார்கள். ஆனால் பேஸ்ட்ரிக் குழிக்குள் நின்று உருக வேண்டிய சீஸுக்கு இந்த நிதானமே தேவை என்பது என் கருத்து. நன்கு பழுத்து வழியும் விலை உயர்ந்த பிரீயை இதில் வைத்து வீணாக்குவதைவிட ரொட்டியோடு அப்படியே உண்பது நல்லது. துண்டுகளில் தோலை விட்டுவைத்தால் அது உருகாமல் நின்று சீஸை ஓரளவு அணைபோட்டுத் தடுக்கும். வெட்டுமுன் கால் மணி நேரம் உறைபெட்டியில் வைத்தால் கொழுப்பு இறுகிக் கத்தியில் ஒட்டாது. குளிர்ந்த துண்டு தாமதமாக உருகுவதால் அதற்குள் மாவு உருவத்தைப் பிடித்துவிடும் என்பது கூடுதல் நன்மை. அளவுக்கு மேல் சூடானால் கேசீன் வலை சுருங்கிக் கொழுப்பைப் பிழிந்து தள்ளும். தட்டில் எண்ணெய் மிதப்பதும் சீஸ் திரிதிரியாவதும் அப்போதுதான்.

பழத்தில்தான் நீரின் தொல்லை அதிகம். கிரான்பெர்ரியில் 87 விழுக்காடு நீர். வட அமெரிக்காவுக்கே உரிய இந்தப் பழம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் பகுதியில் 1816 முதல் பயிரிடப்பட்டு, இன்று பெருமளவில் விஸ்கான்சினில் விளைகிறது. குறுக்கே வெட்டினால் நான்கு சிறிய காற்றறைகள் தெரியும். அறுவடைக்காக வயலில் நீரைப் பாய்ச்சினால் பழங்கள் மிதந்து எழுவது இவற்றால்தான். பச்சைப் பழத்தைப் பேஸ்ட்ரியில் வைத்தால் சூட்டில் செல்சுவர்கள் உடைந்து சாறு முழுவதும் மாவில் இறங்கிவிடும். சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சும்போதோ, தோல் பட்டென்று வெடித்து, செல்சுவர்களில் இருந்த, ஜாமை இறுக வைக்கும் பெக்டின் என்னும் பொருள் கரைந்து வெளிவருகிறது. பெக்டின் சங்கிலிகளில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை சாதாரணமாக ஒன்றையொன்று விலக்கும். பழத்தின் கடும் அமிலம் அந்த மின்னூட்டத்தைத் தணிக்க, சர்க்கரை நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, சங்கிலிகள் இணைந்து வலையாகி நீரைச் சிறைபிடிக்கின்றன. பெக்டினும் அமிலமும் ஒருசேர மிகுந்திருப்பதால் கிரான்பெர்ரிக்கு வெளியிலிருந்து பெக்டின் சேர்க்க வேண்டியதில்லை.

டப்பாவில் வரும் கிரான்பெர்ரி சாஸில் பாதிக்கு மேல் நீர் இருக்கிறது. கரண்டியால் ஒதுக்கினால் பாத்திரத்தின் அடி ஒரு கணம் தெரியும் அளவுக்கு அதை மறுபடி சுண்டவைத்து, ஆறவைத்துப் பயன்படுத்துவது உத்தமம். அத்தி ஜாமும் நன்றாகப் பொருந்தும். ஆப்பிளோ பேரிக்காயோ என்றால் முன்னதாக வாணலியில் வதக்கி நீரைப் போக்கிவிட வேண்டும்.

அடுக்கும் வரிசைக்கும் காரணம் உண்டு. சீஸை அடியிலும் பழத்தை மேலேயும் வைத்தால், உருகிய சீஸின் கொழுப்பு மாவுக்கும் பழத்துக்கும் நடுவே தடுப்பாகிறது. பழக் கூழின் ஈரமும் மேலே திறந்திருக்கும் பரப்பின் வழியே ஆவியாகிவிடுகிறது. 25 சென்டிமீட்டர் சதுரத் தாளை 16 துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொன்றும் குட்டிக் குழிக்கு ஏற்றதாக, நான்கு முனைகளும் வெளியே நீட்டியிருக்கும்படி அமையும். நடுவில் சீஸின் எடை அழுத்துவதால் அங்கே அடுக்குகள் உயர முடிவதில்லை. முனைகளோ தடையின்றி உயர்கின்றன. கிண்ண வடிவம் இப்படித் தானாகவே வந்துவிடுகிறது. அழுத்தப்பட்ட அந்த அடிப்பகுதியே நமத்துப்போகும் ஆபத்துள்ள இடம். கீழிருந்து சூடு வேகமாக ஏறினால்தான் அது காயும் என்பதால், வெப்பத்தை நன்கு ஈர்க்கும் கருநிறத் தட்டை ஓவனின் கீழ்த் தளத்தில் வைப்பது உதவும்.

சுவையில் நடப்பதும் வேதியியலே. கிரான்பெர்ரியின் டானின்கள் நாக்கில் துவர்ப்பைத் தருவது, எச்சிலில் உள்ள புரதங்களோடு அவை பிணைவதால். சீஸ் உடனிருந்தால் அந்த டானின்களில் ஒரு பங்கு பால் புரதத்தோடு பிணைந்துவிட, துவர்ப்பு மட்டுப்படுகிறது. மறுபக்கம், பழத்தின் புளிப்பு எச்சிலைச் சுரக்கச் செய்து, நாக்கில் படிந்த கொழுப்பின் திகட்டலை நீக்குகிறது. மேலே தூவும் வால்நட் அழகுக்கும் கடிபடுவதற்கும்தான்; விரும்பினால் போடலாம்.

தட்டிலிருந்து எடுத்தவுடன் வாயில் போடுவது ஆபத்து. காற்று நிறைந்த பேஸ்ட்ரி வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் விரலுக்கு அது ஆறியதுபோலவே தோன்றும். உள்ளே நீரும் கொழுப்பும் நிறைந்த சீஸ் இன்னும் கொதிநிலையை ஒட்டியே இருந்து, அண்ணத்தில் ஒட்டிச் சுட்டுவிடும். பத்து நிமிடம் ஆறினால் சீஸ் சற்றே கெட்டிப்பட்டு, கடிக்கும்போது வழியாமலும் இருக்கும். அதற்காக அதிக நேரம் வெளியே வைக்கவும் கூடாது. சீஸ் பண்டங்களை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறையின் பொதுவான அறிவுரை. அதற்கு முன்பே, ஈரம் மிகுந்த சீஸிலிருந்து காய்ந்த மாவுக்கு நீர் நகரத் தொடங்கி, மொறுமொறுப்பு குறைந்துவிடும்.

ஆகவே விருந்துக்கு முதல் நாளே செய்ய நினைப்பவர்கள் சுட்டு வைப்பதைவிட, நிரப்பிய தட்டைச் சுடாமல் உறைபெட்டியில் வைத்து, விருந்தினர் வந்த பிறகு நேரே சூடான ஓவனுக்கு மாற்றிச் சில நிமிடம் கூடுதலாகச் சுடுவது மேல். சுட்டு மீந்தவற்றைச் சூடாக்கவும் ஓவனே ஏற்றது. மைக்ரோவேவ் உள்ளிருக்கும் நீரைச் சூடாக்கி நீராவியை மாவுக்குள் தள்ளுகிறது; சுற்றியுள்ள காற்று சூடாக இல்லாததால் மாவின் மேற்பரப்பு காய்வதில்லை. 180 டிகிரி ஓவனில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் மாவுக்குள் ஏறிய ஈரம் மறுபடி வெளியேறி, அடுக்குகள் திரும்பவும் நொறுங்கத் தொடங்கும்.