எந்தத் தோல் நோய்க்கு எந்த ஒளி?

தோல் மருத்துவத்தில் ஒளி சிகிச்சை என்ற ஒரே பெயரில் வழங்கும் முறைகள், அலைநீளம் மாறும்போது முற்றிலும் வேறான வேலைகளைச் செய்கின்றன. ஆகவே, ஒளி சிகிச்சை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வருபவரிடம், எந்த நோய்க்கு என்பதை உறுதி செய்துகொள்ளாமல் நான் பதில் சொல்வதில்லை.

சொரியாசிஸுக்கும் வெண்புள்ளிக்கும் பெரும்பாலும் பயன்படுவது, ஏறத்தாழ 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள குறும்பட்டைப் புற ஊதா பி கதிராகும். இது தோலில் மிகையாகச் செயல்படும் நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்குவதோடு, மயிர்க்கால்களில் எஞ்சியிருக்கும் நிறமி அணுக்களையும் தூண்டுகிறது. வெண்புள்ளியில் பலன் தொடங்கும்போது, திட்டின் நடுவே மயிர்க்கால்களைச் சுற்றிக் கடுகளவுப் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, மெல்ல விரிந்து ஒன்றோடொன்று சேர்வதைக் காணலாம். மயிர்க்கால்களே இல்லாத உதட்டிலும் விரல் நுனியிலும் பலன் குறைவாக இருப்பதற்குக் காரணமும் இதுவே. வாரத்துக்கு 2 அல்லது 3 முறை வீதம் பல மாதங்கள் தொடர வேண்டிய இச்சிகிச்சையை, ஓரிரு மாதங்களில் கைவிட்டுவிட்டுப் பலனில்லை என்று முடிவுகட்டுவது சரியன்று. திட்டுகள் ஓரிரண்டே என்றால், அவ்விடத்தில் மட்டும் எக்சைமர் என்ற கருவி தரும் 308 நானோமீட்டர் புற ஊதா ஒளியைச் செலுத்தலாம். தோலின் ஒளியுணர்வைக் கூட்டும் சோராலன் மருந்துடன் புற ஊதா ஏ கதிரைச் சேர்த்துத் தரும் பழைய முறையும் உண்டு. குமட்டல், நீண்டகாலத்தில் தோல் புற்றுநோய் அபாயம் ஆகியவற்றால் அதன் பயன்பாடு குறைந்துவிட்டது.

முகப்பருவுக்கான நீல ஒளி, சிவப்பு ஒளி ஆகியவற்றில் புற ஊதாக் கதிர் கிடையாது. பருவை உண்டாக்கும் பாக்டீரியா சுரக்கும் போர்ஃபிரின் என்ற பொருள் 415 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியை உறிஞ்சுவதால், அந்த பாக்டீரியாவே அழிகிறது. சிவப்பு ஒளி சற்று ஆழமாக ஊடுருவி அழற்சியைத் தணிக்கிறது. சிவந்து வீங்கிய பருக்களுக்கு இவை ஓரளவு உதவும். தோல் துளைகள் அடைபட்டு உண்டாகும் கரும்புள்ளிகளுக்குப் பெரிதாக உதவா. வீட்டு உபயோகத்துக்கென விற்கப்படும் எல்.இ.டி. முகக்கவசங்களின் ஒளித்திறன் பொதுவாகக் குறைவு என்பதோடு, வெண்புள்ளிக்கோ சொரியாசிஸுக்கோ அவை புற ஊதாச் சிகிச்சைக்கு மாற்றாகவும் மாட்டா.

நான் மிகவும் அஞ்சுவது, முகத்தில் மங்கு எனும் பழுப்புத் திட்டுகள் உள்ளவர்கள் தாமாகவே நீல ஒளியைப் பயன்படுத்துவதைத்தான். மாநிறத்தினருக்கும் கருநிறத்தினருக்கும் அந்த ஒளியே நிறமியைத் தூண்டி மங்குத் திட்டுகளை மேலும் கறுக்கச் செய்யக்கூடும். ஐ.பி.எல். என்ற தோல் சிகிச்சைக் கருவியின் பல அலைநீளங்கள் கலந்த துடிப்பொளியும் அத்தகைய தோலிலுள்ள மெலனின் நிறமியால் மிகுதியாக உறிஞ்சப்பட்டு, தீக்காயத்தையும் தழும்பையும் விட்டுச்செல்லக்கூடும் என்பதால், உங்கள் நிறத்துக்கேற்ப அளவைக் குறைத்துச் சோதித்துப் பார்க்காத இடத்தில் அதைச் செய்துகொள்ளாதீர்கள்.

நோய் எதிர்ப்பு மண்டலமே உடலைத் தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்களும், டாக்சிசைக்ளின் போன்ற தோலை ஒளியால் எளிதில் பாதிக்கப்படச் செய்யும் மருந்து உட்கொள்பவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். புற ஊதா சிகிச்சையின்போது கண் கவசம் கட்டாயம். மறுநாளும் சிவப்பும் எரிச்சலும் அடங்காவிட்டால், அடுத்த முறை கருவிக்குள் நிற்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். அளவைக் குறைப்பதா, தள்ளிப்போடுவதா என்பதை அதை வைத்தே முடிவு செய்வோம்.