வெண்புள்ளியில் பிழைத்த மீனைக் கொட்டிவிடாதீர்கள்

கொழும்பில் மீன் நோய்களைப் பரிசோதிக்கும் எனக்கு, பெரும்பாலும் செத்த மீன்கள்தான் வந்து சேருகின்றன. கடந்த மாதம் வத்தளையிலிருந்து அலங்கார மீன் வளர்க்கும் ஒருவர் எட்டுத் தங்கமீன்களை ஐஸில் வைத்துக் கொண்டுவந்தார். "உடம்பெல்லாம் உப்புத் தூவியதுபோல் இருந்தது, டொக்டர்" என்றார். நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. மீன் செத்ததும், வெண்புள்ளி நோயைத் தரும் ஒட்டுண்ணி உடலைவிட்டு இறங்கிவிடும்.

"நோய் வந்து பிழைத்தவை ஏதாவது உண்டா, ஐயா?"

"பத்துப் பன்னிரண்டு இருந்தன. மற்றவற்றுக்கும் தொற்றிவிடும் என்று கொட்டிவிட்டேன்."

செத்த எட்டைவிட, கொட்டிய அந்தப் பத்தை நினைத்துத்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இக்தியோப்தீரியஸ் என்ற அந்த ஒட்டுண்ணி ஓர் ஒற்றைக் கல உயிரி. உயிருள்ள மீனின் தோலைச் சுரண்டிப் பார்த்தால், குதிரை லாடம்போல் வளைந்த கலக்கருவுடன் மெதுவாக உருளும். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். (இறாலின் வெண்புள்ளி நோய் வேறு, அது வைரஸால் வருவது.) இது தோலுக்கு அடியில் புதைந்திருக்கும்வரை தண்ணீரில் கலக்கும் மருந்து பெரும்பாலும் எட்டாது. முதிர்ந்து வெளியே விழுந்தபின், ஒன்றே நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து அடுத்த மீனைத் தேடி நீந்தும். அந்தக் குறுகிய நேரத்தில்தான் மருந்து வேலை செய்யும். மருந்தைத் திரும்பத் திரும்ப இடச் சொல்வது அதனால்தான்.

ஆனால் பிழைத்த மீனை இந்த நோய் இலேசில் மறுபடி தொடாது. அதன் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில் ஒரு துளியை, நீந்தும் ஒட்டுண்ணிக் குஞ்சுகள்மேல் விட்டால், அவை ஒன்றோடொன்று ஒட்டி அசைவற்று நின்றுவிடும். மீனின் பிறபொருளெதிரிகள் (நோயை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்கள்), ஒட்டுண்ணியின் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வரும் விளைவு இது. தடுப்பூசிக்கு முதல் இலக்கு அந்தப் புரதமே. சுத்திகரித்த அப்புரதத்தை ஊசியாக ஏற்றிய கெளுத்தி மீன்கள் நோயைத் தாங்கியிருக்கின்றன.

அப்படியானால் தடுப்பூசி ஏன் கடைக்கு வரவில்லை? இந்த ஒட்டுண்ணியை மீனில்லாமல் தொடர்ந்து வளர்க்க முடியாது. ஆகவே புரதத்தை வேறு உயிரியில்தான் செய்தாக வேண்டும். பெரும்பாலான மற்ற உயிர்களின் மரபுக் குறியீட்டில் 'நிறுத்து' என்று பொருள்படும் இரண்டு குறிகளை இந்த ஒட்டுண்ணி 'குளுட்டமின் (புரதத்தின் கட்டுமானத் துண்டுகளில் ஒன்று) சேர்' என்று வாசிக்கிறது. அதன் மரபணுவை அப்படியே பக்டீரியாவுக்குள் வைத்தால் புரதம் பாதியில் அறுந்துவிடும். எழுத்தெழுத்தாகத் திருத்தித்தான் வைக்க வேண்டும். இதன் முழு மரபணுத் தொகுதி 2011இல் வெளியானபின், மேற்பரப்புக்கு வரக்கூடிய மற்றப் புரதங்களையும் கணினியில் சலித்தெடுக்க முடிகிறது. மனிதரின் ஒட்டுண்ணி நோய் ஒன்றுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் முதன்முதலாக ஒரு தடுப்பூசியைப் பரிந்துரைத்ததே 2021இல்தான், மலேரியாவுக்கு. எனவே தாமதத்தைக் கண்டு சலித்துக்கொள்வதில் நியாயமில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஒட்டுண்ணியில் பல வகைகள் உண்டு, அவை எல்லாவற்றிலும் மேற்பரப்புப் புரதம் ஒன்றல்ல. ஒரு வகையைப் பற்றும் பிறபொருளெதிரி இன்னொரு வகையை நிறுத்தாமல் போகலாம். நம் தொட்டிகளில் இருப்பது எந்த வகை என்பதை, கணினியில் சலித்த பட்டியல் சொல்லாது. இங்கே பிழைத்த மீனின் இரத்தம்தான் சொல்லும்.

ஆகவே வளர்ப்பாளர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். புள்ளி தெரிந்தவுடன், மருந்து இடுவதற்கு முன்பே, உயிருள்ள மீனை அதே தொட்டித் தண்ணீரில் கொண்டுவாருங்கள். பிழைத்தவற்றைத் தனித் தொட்டியில் வையுங்கள். புது மீன்களோடு கலக்காதீர்கள். வத்தளை ஐயாவின் சிமெந்துத் தொட்டி மூலையில் ஒன்று மிஞ்சியிருந்ததாம். போன செவ்வாய்க்கிழமை வாளியோடு வந்தார். அதன் வாலடியிலிருந்து எடுத்த சில துளி இரத்தம் இப்போது உறைகுளிரில் இருக்கிறது.